ஜெயிச்ச எஞ்சினும் உடைஞ்சுதான் இருந்தது

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம்.)

இன்னைக்கு எபிசோட்ல ராஜா இல்ல, போர்க்களமும் பெருசா இல்ல. ஒரு பல்சக்கரம்தான் ஹீரோ. உள்ளங்கையில வெச்சுப் பார்க்கலாம், அவ்வளவுதான் சைஸ். 1967-ல அது உடைஞ்ச உடைப்புல முன்னணியில ஓடின ஒரு எஞ்சினே நின்னுபோச்சு. அது ஏன் உடையுதுன்னு கண்டுபிடிச்ச மனுஷன், அடுத்த பதினஞ்சு வருஷத்துக்கு கார் பந்தய வரலாற்றையே தன் எஞ்சின் பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டார்.

உத்திரமேரூர்ல உட்கார்ந்துகிட்டு ஃபார்முலா 1 எஞ்சினைப் பத்தி ஏன்டா பேசுறேன்னு கேட்கலாம். காரணம் இருக்கு. இந்தியாவோட பெரிய பந்தயத் தடங்கள்ல ஒண்ணு நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துலதான் இருக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில. 1990-ல திறந்தாங்க. ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி பல பத்தாண்டுகள் பந்தயம்னா சோழவரம். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைத்தான் பந்தயத் தடமா மாத்தி வெச்சிருந்தது. 1980-களின் தொடக்கத்துல அங்கே ஒரு நிஜமான ஃபார்முலா 1 காரே ஓடியிருக்கு. என்சைன் அணியோட கார். ஓட்டினவர் விஜய் மல்லையா. பின்னாடி வேற காரணங்களுக்காக நியூஸ்ல வந்த அதே மல்லையாதான்.

என்சைன் அணியோட ஃபார்முலா 1 கார்களுக்கெல்லாம் உயிர் கொடுத்தது ஒரே எஞ்சின் குடும்பம்: காஸ்வொர்த் டி.எஃப்.வி. நம்ம கதையோட எஞ்சின் அதுதான்.

அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எஞ்சின் செத்துப்போச்சுன்னா, எதனால செத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிரேதப் பரிசோதனை

நம்ம ஊர் ஷெட்டுல ஒரு நல்ல மெக்கானிக்கைக் கவனிச்சுப் பாருங்க. வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். முதல்ல கேள்விதான் கேட்பார். "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு? ஹீட் முள்ளு ஏறுச்சா? ஆயில் லைட் எரிஞ்சதா? நின்னப்புறம் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமான்னு சொன்னா முகம் சுளிப்பார். உள்ளே ஏதாவது உடைஞ்சிருந்தா, மறுபடி செல்ஃப் அடிக்கும்போது அந்தத் துண்டு இன்னும் நாலு இடத்தை நாசம் பண்ணும். தடயமும் போயிடும்.

அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது பால் கலந்த டீ மாதிரி இருந்தா, ரேடியேட்டர் தண்ணி ஆயிலோட கலந்திருக்கு. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தா இன்னும் விஷயம் வெளியே வரும். மினுக்குற தூள் இருக்கா? காந்தத்தை வெச்சுப் பாருங்க. ஒட்டினா இரும்பு, எஃகு. அதாவது கிராங்க், கேம், பல்சக்கரம், ரிங் இதுல ஏதோ ஒண்ணு தேயுது. ஒட்டலைன்னா அலுமினியமா இருக்கலாம், அப்படின்னா பிஸ்டன் பக்கம் சந்தேகம். செம்பு நிறத்துல இருந்தா பேரிங் மேல்பூச்சைத் தாண்டித் தேய்ஞ்சிருக்கு.

அப்புறம் ஸ்பார்க் பிளக். எல்லாத்தையும் கழட்டி, எந்த சிலிண்டர்ல இருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே அடுக்கி வைக்கணும். ஒண்ணு மட்டும் வெள்ளையா வெந்து போயிருந்தா அந்த சிலிண்டர்ல பெட்ரோல் பத்தாம சூடு ஏறியிருக்கு. கறுப்பா, ஆயில் பூசி இருந்தா ரிங் போயிருக்கு. பிளக்கோட பீங்கான் மேல சின்னச் சின்ன வெள்ளி உருண்டை ஒட்டியிருந்தா அது உருகின பிஸ்டன். மனசைத் தேத்திக்கோங்க.

அடுத்தது காத்து டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டரா அழுத்தக் காத்தை உள்ளே விட்டு, எங்கே இருந்து உஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னு காதை வெச்சுக் கேட்கிறது. சைலன்சர் பக்கம் கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டா இன்லெட் வால்வு. ஆயில் ஊத்துற வாய் வழியா வந்தா ரிங். ரேடியேட்டர்ல குமிழி விட்டா கேஸ்கெட். இத்தனையும் எஞ்சினைப் பிரிக்காமலே தெரிஞ்சுக்கலாம். பிரிக்கிறது கடைசி வேலை.

பிரிச்சப்புறம்தான் நிஜமான சிக்கலே. உள்ளே பத்து பாகம் உடைஞ்சு கிடக்கும். அதுல முதல்ல உடைஞ்சது எது? கனெக்டிங் ராடு பிளாக்கையே ஓட்டை போட்டு வெளியே வந்திருக்கும். பார்த்தவுடனே ராடு மட்டமான ராடுன்னு தோணும். ஆனா ராடு உடையறதுக்கு முன்னாடி அதோட பேரிங் போயிருக்கும். பேரிங் போனது ஆயில் வராததால. ஆயில் இருந்தும் வராததுக்குக் காரணம், நீளமான ஒரு வளைவுல கார் வேகமாத் திரும்பினப்போ சம்ப்ல இருந்த ஆயில் எல்லாம் ஒரு ஓரமா ஒதுங்கி, பம்ப் வெறும் காத்தை உறிஞ்சினது. குற்றவாளி அந்த வளைவு. ராடை மட்டும் மாத்திட்டு அனுப்பினா அதே வளைவுல அதே சத்தம் மறுபடி கேட்கும். பந்தய எஞ்சின்கள் பலதுல கீழே ஆயில் தேங்கவே விடாம, உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்புற டிரை சம்ப் இருக்கறதுக்கு இதுதான் காரணம்.

நம்ம தொழில்லயும் இதே கதைதான். நடுராத்திரி சர்வர் விழுந்தா, லாக்ல சிவப்பா நூறு எரர் வரிசை கட்டி நிக்கும். கடைசியா வந்தது கண்ணைக் குத்தும். காரணம் எங்கேயோ மேல, சாதுவா ஒரு வரியில உட்கார்ந்திருக்கும்.

ஒரு ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு

டி.எஃப்.வி.க்கு முன்னாடி இன்னொரு எஞ்சினைப் பார்த்துடலாம். இதுவும் ஒருவகையில மெட்ராஸ் காசு போன எஞ்சின்.

இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படைக்கு மதராஸ் மாகாணத்துல இருந்து நிதி போச்சு. அதுக்கு நன்றியா மூணு படைப்பிரிவுகளுக்கு 'மதராஸ் பிரசிடென்சி'ன்னு பேர் வெச்சாங்க: 79, 234, 264. ஹரிகேன், ஸ்பிட்ஃபயர், டிஃபையன்ட்னு இவங்க அப்போ ஓட்டின விமானம் வேற வேற. எஞ்சின் மட்டும் ஒண்ணுதான்: ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்.

மெர்லினுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. விமானி மூக்கைச் சட்டுனு கீழே அமுக்கினா எஞ்சின் திணறி நின்னுடும். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற முறை. அதுக்கு இந்தத் தொல்லை இல்ல. அதனால துரத்தல்ல மாட்டிக்கிட்ட ஜெர்மன் விமானி மூக்கைக் கவிழ்த்துப் பாய்ஞ்சா தப்பிச்சிடலாம். பின்னாடி துரத்துறவர் அதே மாதிரி பாய்ஞ்சா எஞ்சின் கட். அதுக்காக முதல்ல விமானத்தைக் குப்புறப் புரட்டி, அப்புறம் கீழே இறங்கப் பழகினாங்க. அந்த நேரத்துக்குள்ள எதிரி போயிருப்பான், இல்லைன்னா பின்னாடி வந்திருப்பான்.

மூக்கு கவிழும்போது கார்புரேட்டர்ல பெட்ரோல் மேலே எழும்பி, எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்காமப் போகுதுன்னுதான் யாருக்கும் முதல்ல தோணும். அது நிஜம்தான், ஆனா பாதி நிஜம். அந்தத் திணறல் சின்னது. பெரிய அடி அதுக்குப் பின்னாடி வந்தது. கார்புரேட்டரோட மிதவை தலைகீழா நகர்ந்து, பெட்ரோல் வர்ற ஊசிக் குழாயை முழுசாத் திறந்து விட்டுடும். பம்ப் கொட்டு கொட்டுன்னு கொட்டி எஞ்சினையே முழுக்காட்டிடும். பட்டினியில தொடங்கி, அஜீரணத்துல நின்னது அந்த எஞ்சின்.

ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்துல வேலை பார்த்த பியாட்ரிஸ் ஷில்லிங் இதுக்கு ஒரு தீர்வு கண்டார். 1909-ல பிறந்தவர், மான்செஸ்டர்ல பொறியியல் படிச்சவர், புரூக்லாண்ட்ஸ் தடத்துல நார்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கினவர். எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அந்த அளவு மட்டும் போகுற மாதிரி துல்லியமா ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதைப் பெட்ரோல் வர்ற வழியில சொருகிட்டா, ஊசி முழுசாத் திறந்தாலும் வெள்ளம் வராது. விமானத்தைப் படையில இருந்து எடுத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டியதில்ல. நின்ன இடத்துலயே மாட்டலாம். 1941 மார்ச் வாக்குல ஷில்லிங்கும் அவர் குழுவும் விமானதளம் விமானதளமாப் போய் மாட்டிக் கொடுத்தாங்க.

இது முழுத் தீர்வு இல்ல. முதல் சின்னத் திணறல் அப்படியேதான் இருந்தது. மூக்கைக் கீழே வெச்சுக்கிட்டே ரொம்ப நேரம் பறக்கவும் முடியாது. சரியான கார்புரேட்டர் வர 1943 வரை ஆச்சு. ஆனா அதுவரைக்கும் விமானிங்க உயிரோட இருக்கணும் இல்லையா? ஹாட் ஃபிக்ஸை மட்டம்னு நினைக்கிறவங்க இந்தப் பித்தளைத் துண்டை ஞாபகம் வெச்சுக்கணும். ஷில்லிங் போருக்கப்புறம் கார் பந்தயத்துலயும் இறங்கினார்.

ஜூன் 4, 1967

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 1966-ல ஃபார்முலா 1 எஞ்சின் அளவு 3 லிட்டர்னு மாறினது. லோட்டஸ் அணியோட காலின் சாப்மனுக்கு நல்ல எஞ்சின் இல்ல. கீத் டக்வொர்த்னு ஒரு பொறியாளர், மைக் காஸ்டினோட சேர்ந்து காஸ்வொர்த்ங்கற சின்ன நிறுவனத்தை நடத்திக்கிட்டு இருந்தார். காஸ்டின், டக்வொர்த் ரெண்டு பேரும் கலந்துதான் காஸ்வொர்த். ஃபோர்டு நிறுவனத்தோட வால்டர் ஹேஸ் ஒரு லட்சம் பவுண்டு கொடுக்க ஏற்பாடு பண்ணினார். அந்தப் பணத்துல முதல்ல ஃபார்முலா 2-க்கு நாலு சிலிண்டர் எஞ்சின், அடுத்து ஃபார்முலா 1-க்கு எட்டு சிலிண்டர் எஞ்சின். அந்த எட்டு சிலிண்டர்தான் டி.எஃப்.வி. சிலிண்டருக்கு நாலு வால்வு, மொத்தம் 32. அறிமுகத்துலயே 9,000 ஆர்.பி.எம்.ல 400 குதிரைசக்திக்கு மேல.

முதல் பந்தயம் 1967 ஜூன் 4, நெதர்லாந்தோட சான்ட்வூர்ட். லோட்டஸ் 49 கார்கள் ரெண்டு. கிரஹாம் ஹில் முதல் இடத்துல இருந்து புறப்பட்டார். ஜிம் கிளார்க் அந்த வார இறுதிக்கு முன்னாடி அந்தக் காரை ஓட்டினதே இல்ல. எட்டாவது இடத்துல இருந்து புறப்பட்டார்.

ஹில் முன்னணியில பறந்தார். 11-வது சுற்றோட எஞ்சின் செத்தது. கேம்ஷாஃப்டைச் சுழற்றுற டைமிங் பல்சக்கரத்துல பல் உடைஞ்சிருந்தது. கிளார்க் ஒவ்வொருத்தரா முந்தி வந்து, 90 சுற்றும் முடிச்சு, ஜாக் பிராபமைப் பின்னால விட்டு ஜெயிச்சார். புத்தம் புது எஞ்சின், முதல் பந்தயம், முதல் வெற்றி. பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேணும்?

பந்தயம் முடிஞ்சு கிளார்க்கோட எஞ்சினைப் பிரிச்சாங்க. அதுலயும் பல் உடைஞ்சிருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. ஹில்லோட எஞ்சின் மட்டும் நின்னிருந்தா, ஒரு பல்சக்கரம் மட்டமா வந்துடுச்சு, வார்ப்புல கோளாறு, மாட்டினவன் சரியா மாட்டலைன்னு ஆயிரம் சொல்லலாம். ஜெயிச்ச எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்ததாலதான் இது ஒருத்தரோட தப்பில்ல, வடிவமைப்புலயே இருக்கற தப்புன்னு தெரிஞ்சது. தோத்ததை மட்டும் ஆராய்ஞ்சா பாதி உண்மைதான் கிடைக்கும். ஜெயிச்சது எவ்வளவு நூலிழையில ஜெயிச்சதுன்னும் பார்க்கணும். நம்மள்ல எத்தனை பேர் டிராஃபிக் பீக்ல விழாமத் தப்பிச்ச சர்வரைத் திறந்து பார்க்கிறோம்?

அந்த வருஷத்தோட மிச்சக் கதை வலிக்கிற கதை. சான்ட்வூர்ட்ல இருந்து சீசன் முடியற வரை எல்லாப் பந்தயத்துலயும் முதல் இடத்துல இருந்து புறப்பட்டது லோட்டஸ் 49 தான். கிளார்க் நாலு பந்தயம் ஜெயிச்சார். ஆனா சாம்பியன் டெனி ஹல்ம். அவர் ஜெயிச்சது ரெண்டே ரெண்டு. அவரோட பிராபம்-ரெப்கோ வேகத்துல பின்தங்கினது, ஆனா வீடு வந்து சேர்ந்தது. புள்ளிகள் 51-க்கு 41. உலகத்துலயே வேகமான கார் கையில இருந்தும் கிளார்க் மூணாவது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு இருந்தாங்க. 1968 ஏப்ரல் 7, ஜெர்மனியோட ஹாக்கன்ஹைம்ல ஒரு ஃபார்முலா 2 பந்தயத்துல கிளார்க் இறந்துட்டார்.

சைக்கிள் மேடும் ஊஞ்சலும்

பல் ஏன் உடைஞ்சது? கணக்குப் பிரகாரம் உடையவே கூடாது. கிராங்க்ல இருந்து கேம்ஷாஃப்ட் வரை வரிசையாப் பல்சக்கரங்கள். கேமைச் சுழற்ற சராசரியா இவ்வளவு விசை போதும், அதுக்கு இந்தப் பல் தாராளமாத் தாங்கும். அந்தக் கணக்கு சரிதான். ஆனா சராசரிங்கற வார்த்தையிலதான் ஓட்டை.

ஒரு மேட்டுல சைக்கிள் மிதிக்கிறதா நினைச்சுக்கோங்க. ஏறும்போது காலை அழுத்தி மிதிக்கணும். உச்சி தாண்டினதும் பெடல் உங்க காலைத் தள்ள ஆரம்பிக்கும். கேமும் அப்படித்தான். வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளணும். கேமோட மூக்கு தாண்டினதும் அதே ஸ்பிரிங் கேமை முன்னால உதைக்கும். ஒரு நொடி பல்சக்கரம் கேமை இழுக்குது, அடுத்த நொடி கேம் பல்சக்கரத்தைத் தள்ளுது. பல்லோட ஒரு பக்கம் ஒரு அடி, மறுபக்கம் ஒரு அடி. ஏறினதையும் இறங்கினதையும் கூட்டிச் சராசரி போட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். அடி வாங்கறது பல்லு.

இப்போ வேகத்தைப் பாருங்க. கிராங்க் 9,000 சுத்தும்போது கேம் பாதி, அதாவது நிமிஷத்துக்கு 4,500. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 தடவை திறந்து மூடுது. 32 வால்வு. கூடவே டி.எஃப்.வி.யோட கிராங்க் தட்டையான அமைப்புல இருந்ததால அதோட சொந்த அதிர்வு வேற. ஊஞ்சலை எப்படித் தள்ளுவோம்? பலமாத் தள்ள வேண்டியதில்ல, சரியான நேரத்துல லேசாத் தள்ளினாலே உயர உயரப் போகும். குறிப்பிட்ட ஆர்.பி.எம்.ல இந்த உதைகள் பல்சக்கர வரிசையோட இயல்பான அதிர்வோட தாளம் சேர்ந்துட்டா, பல்லு மேல விழற உச்ச அடி கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு ஆயிடும். அதுதான் நடந்தது.

யாரா இருந்தாலும் முதல்ல என்ன தோணும்? பல்லைப் பெருசாக்கு, எஃகைத் தடிமனாக்கு. அடி வருது, தாங்கற மாதிரி கெட்டியாப் பண்ணு. ஆனா கெட்டியான பல்சக்கரம் அடியைக் குறைக்காது, இன்னும் விறைப்பா அடுத்த பல்லுக்குக் கடத்தும். டக்வொர்த் எதிர்ப்பக்கம் யோசிச்சார். பல்சக்கர வரிசையில ஒரு சக்கரத்தோட நடுவுல சன்னமான எஃகுத் தண்டுகளை வட்டமா அடுக்கினார். அடி வரும்போது அந்தத் தண்டுகள் லேசா முறுங்கிக் கொடுக்கும், அடி போனதும் பழைய நிலைக்கு வரும். பார்த்தா ஒரு சாதாரணப் பல்சக்கரம்தான், உள்ளுக்குள்ள அது ஒரு ஸ்பிரிங். வெள்ளத்துல ஆலமரம் சாயும், நாணல் நிமிர்ந்துக்கும்னு நம்ம பாட்டிங்க சொல்ற அதே கதை, எஃகுல.

1968-ல டி.எஃப்.வி. மத்த அணிகளுக்கும் கிடைக்க ஆரம்பிச்சது. அந்த வருஷம் கிரஹாம் ஹில் உலக சாம்பியன். 11-வது சுற்றுல எஞ்சின் கைவிட்ட அதே ஹில், அதே எஞ்சின் குடும்பம். 1983-ல மிக்கேல் அல்போரெட்டோ டெட்ராய்ட்ல ஜெயிக்கிற வரைக்கும், இந்த எஞ்சினும் இதோட நேரடி வாரிசும் சேர்ந்து 155 உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களை ஜெயிச்சாங்க. பணம் கொடுத்தா யாரும் வாங்கலாம்ங்கறதால, என்சைன் மாதிரி சின்ன அணிகளும் களத்துல நிக்க முடிஞ்சது. அந்தச் சின்ன அணி ஒண்ணோட கார்தான் கடைசியில சோழவரம் ஓடுதளத்துல வந்து நின்னது.

முதல் கல்லை அழிக்கல

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் எங்க ஊர்ப் பெருமை, உங்களுக்கே தெரியும். குடவோலை கல்வெட்டு. எல்லாரும் அதை ஒரே கல்வெட்டு மாதிரி பேசுறோம். அது ரெண்டு. முதல் பராந்தகனோட ஆட்சியில முதலாவது 919-ல, ரெண்டாவது 921-ல. இடையில ரெண்டே வருஷம்.

முதல்ல இருந்த விதிப்படி வாரியத்துக்கு நிக்கறவர் வயசு 30-க்கு மேல, 60-க்குள்ள. ரெண்டாவதுல அது 35-க்கு மேல, 70-க்குள்ளன்னு ஆச்சு. யார் நிக்கக் கூடாதுங்கற பட்டியல் நீண்டது. கணக்குக் காட்டாதவர் மட்டுமில்ல, அவரோட நெருங்கின உறவுகளும் கூடாது. ஓலையைக் குடத்துல போட்டு எடுக்கிற முறையும் ரெண்டாவதுலதான் விலாவாரியா இருக்கு: குடம் காலின்னு எல்லாருக்கும் தூக்கிக் காட்டணும், விவரம் தெரியாத சின்னப் பையனைக் கொண்டு எடுக்கணும். இவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்காங்கன்னா முதல் முறையில எங்கேயோ பல் உடைஞ்சிருக்குன்னுதான் எனக்குப் படுது. (அது நிலம் வெச்சிருந்த பிராமணர்களோட ஊர்ச்சபை, எல்லாருக்குமான தேர்தல் இல்லங்கறதையும் சொல்லிடணும்.)

எனக்குப் பிடிச்சது என்னன்னா, 921-ல புதுசை வெட்டினப்போ 919-ஐச் செதுக்கி எடுக்கல. ரெண்டும் இருக்கு. எதை மாத்தினாங்கன்னு ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு நாம ஒப்பிட்டுப் பார்க்க முடியுதுன்னா, காரணம் அதுதான். நல்ல எஞ்சின் ஒர்க்‌ஷாப்புலயும் உடைஞ்ச பாகத்தைத் தூக்கி எறிய மாட்டாங்க. தேதி எழுதி, துணியில சுத்தி வைப்பாங்க.

796 சிசி

கடைசியா நம்ம ஆள் ஒருத்தர். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். இந்தியாவுல ஒற்றை இருக்கை பந்தயக் கார்னா வெளிநாட்டுப் பழைய கார்தான், உடைஞ்சா உதிரிபாகத்துக்குக் கப்பலைப் பார்த்து உட்காரணும்ங்கற நிலை. அவர் 1980-களின் பிற்பகுதியில மாருதி 800-ஓட எஞ்சினை வெச்சு ஒரு பந்தயக் காரை உருவாக்கினார். மூணு சிலிண்டர், 796 சிசி. ஃபார்முலா மாருதி. டி.எஃப்.வி.யோட ஒப்பிட்டா பொம்மை. ஆனா எஞ்சின் போனா பக்கத்துத் தெருவுல பாகம் கிடைக்கும், ஊர் மெக்கானிக்கே பிரிச்சுக் கோக்கலாம். எஞ்சின் உடையாமப் பார்த்துக்கறது ஒரு வித்தை. உடைஞ்சா அடுத்த வாரமே திரும்பக் களத்துல நிக்கற மாதிரி ஏற்பாடு பண்றது இன்னொரு வித்தை. காசில்லாத நாட்டுக்கு ரெண்டாவதுதான் முக்கியம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இந்தக் கார்லதான் தொடங்கினார். இருங்காட்டுக்கோட்டையில ஓட்டினார். 2005-ல ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-ல நுழைஞ்ச முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரிவரதன் இல்ல. 1995-ல விமான விபத்துல போயிட்டார். கோவை பக்கம் செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்தான்.

இன்னைக்கு இவ்வளவுதான். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க வண்டியில ஏதாவது பாகம் மாத்தினா, "அண்ணே, கழட்டின பழசைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னு கேளுங்க. கையில வாங்கித் திருப்பிப் பாருங்க. எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கு, எங்கே நிறம் மாறியிருக்கு, ஏன் அங்கே மட்டும்? நல்ல மெக்கானிக் சந்தோஷமாச் சொல்லுவார். காட்டவே மாட்டேன்னு சொன்னா, அதுவும் ஒரு தகவல்தானே.

அடுத்த எபிசோட்ல சோழவரம் ஓடுதளத்தோட போர்க்காலக் கதையை எடுக்கலாம்னு இருக்கேன். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அங்கே பந்தயம் பார்த்திருந்தா கேட்டு எழுதி அனுப்புங்க.